சி ரூமுக்குப் போகமாட்டேன் என்றவர்

1. திங்கட்கிழமை காலை

மயிலாடுதுறையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போன வருஷம் ஓய்வு பெற்றேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான்: எந்த கம்பெனி மெஷின் நல்ல மெஷின், மேடம்? எல்லா மெஷினும் நல்ல மெஷின்தான் கண்ணுகளா. அது சொல்வதை நாம் என்னவென்று எழுதிக் கொடுக்கிறோம் என்பதில்தான் வம்பு. அந்த வம்பில் நான் வசமாக மாட்டிக்கொண்ட கதை இது.

எங்கள் ஆஸ்பத்திரி மாடியில் டயாலிசிஸ் யூனிட் இருந்தது. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற இடம். பெரிய ஹாலில் ஆறு மெஷின். ஹால் முடிவில் ஒரு கண்ணாடிக் கதவு. அதற்குள் இரண்டு மெஷின். அதுதான் சி ரூம். ஹெபடைட்டிஸ் சி வைரஸ் உள்ளவர்களுக்கு மட்டும். ரத்தத்தின் வழியாகப் பரவி, சத்தமே இல்லாமல் வருஷக்கணக்கில் ஈரலைக் கெடுக்கிற வைரஸ் அது. டயாலிசிஸில் ரத்தம் வெளியே வந்து உள்ளே போகிறது என்பதால் அவர்களைத் தனியே வைத்திருந்தோம்.

புதிதாக யார் வந்தாலும் முதலில் அவர்கள் ரத்தம் கீழே என் லேபுக்கு வரும். நான் ரிப்போர்ட் கொடுப்பேன். அதைப் பார்த்து மேலே ஸ்டெல்லா சிஸ்டர் இடம் ஒதுக்குவார். ஆக, ஒருத்தர் ஹாலா, சி ரூமா என்பது என் கையெழுத்தில் இருந்தது. அதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் கெத்தும் உண்டு, மறைப்பானேன்.

தை மாசக் கடைசி. சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை லேப் வாசலில் ஒருத்தர் துணிப்பையோடு வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பாதம் இரண்டும் செருப்புக்குள் அடங்காமல் வீங்கியிருந்தன. குத்தாலம் பக்கத்து ஊர், பெயர் கலியபெருமாள். அறுவடை மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர். அதுவரை வெளியூரில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். வீட்டுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று எங்களிடம் மாறி வந்திருந்தார். சனிக்கிழமை ரத்தம் எடுத்திருந்தோம். அன்றுதான் எங்களிடம் முதல் டயாலிசிஸ். மேலே போனவரை சிஸ்டர் கண்ணாடிக் கதவுப் பக்கம் கையைக் காட்டியிருக்கிறார். மனிதர் மாட்டேன் என்று நேரே கீழே இறங்கி வந்துவிட்டார்.

“எனக்கு சி இருக்குன்னு எழுதுனது நீங்கதானா?”

“நான் எங்கண்ணே எழுதுனேன், மெஷின் சொல்லுச்சு.”

“மெஷின் நானும்தான் ஓட்டிருக்கேன். அதுபாட்டுக்கு அதா ஒண்ணும் சொல்லாது.”

காலை எட்டரை மணிக்கு என் மூக்கை இப்படி உடைத்தவர் அதற்குமுன் யாரும் இல்லை.

2. ஃபைல்

சுருக்கென்று கோபம் வந்தது எனக்கு. சாம்பிள் மாறியிருக்குமோ என்று ஒரு நிமிஷம் பயமும் வந்தது. உட்காருங்கள் என்று சொல்லி, மறுபடி ரத்தம் எடுத்து டெஸ்ட் போட்டேன். அரை மணியில் வந்தது: ரியாக்டிவ், எங்கள் பாஷையில் பாசிட்டிவ். லேசாகக்கூட இல்லை, கட் ஆஃப் என்கிற எல்லையைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. இப்போது என்ன சொல்வீர்கள் என்கிற மாதிரி பிரிண்ட் அவுட்டை அவர் முன்னால் நீட்டினேன்.

அவர் துணிப்பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வைத்தார். ஒன்றரை வருஷம் முன்னால் அவருக்கு ஹெபடைட்டிஸ் சி இருந்தது உண்மை. மூன்று மாசம் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். முடித்து, மூன்று மாசம் கழித்து ஆர்என்ஏ டெஸ்ட் செய்திருக்கிறார்கள். வைரஸின் மரபுப் பொருளே ரத்தத்தில் இருக்கிறதா என்று தேடுகிற டெஸ்ட் அது. இல்லை என்று வந்திருக்கிறது. அதாவது குணமாகிவிட்டது.

நான் மாடிக்குப் போய் டாக்டரிடம் காட்டினேன். சிறுநீரகத்துக்கென்று திங்கட்கிழமைகளில் தஞ்சாவூரிலிருந்து வருகிற இளம் டாக்டர். பொறுமையாகப் பார்த்தார். காகிதம் பழையது என்றார். அதற்குப் பிறகு ஒரு வருஷமாக வேறு இடத்தில் டயாலிசிஸ் செய்திருக்கிறார். அங்கே திரும்பவும் தொற்றியிருந்தால்? புது ஆர்என்ஏ ரிப்போர்ட் இல்லாமல் ஹாலில் விட முடியாது. வழக்கமாக அனுப்புகிற இடத்துக்கு அனுப்பினால் ரிசல்ட் வர மூன்று நாள். கடைசி டயாலிசிஸ் ஆகி ஏற்கெனவே மூன்று நாள் முடிந்துவிட்டது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக்கொண்டிருந்தது. அது இன்னும் ஏறினால் இதயம் நின்றுவிடும்.

சி ரூமில் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டுப் போகட்டுமே, ரிசல்ட் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றார் சிஸ்டர். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. அவரைச் சமாதானப்படுத்தும் வேலை என் தலையில் விழுந்தது.

3. அறுத்த வயல்

இந்த இடத்தில் டெஸ்ட் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் வெறுமனே பட்டனை அழுத்துகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உடம்புக்குள் ஒரு வைரஸ் வந்தால், நம் ரத்தத்தில் உள்ள சில செல்கள் அதன் புரதங்களுக்குப் பொருந்துகிற ஆன்டிபாடிகளைச் செய்யும். ஓர் ஆன்டிபாடி முழு வைரஸையும் பிடிக்காது. ஏதோ ஒரு புரதத்தில் ஏதோ ஒரு சின்ன மடிப்பு. அந்த இடம் மட்டும்தான் அதற்கு அடையாளம். இன்னொரு ஆன்டிபாடிக்கு இன்னொரு மடிப்பு. லேப் டெஸ்டில் வைரஸ் கிடையாது. அதன் புரதத் துண்டுகளைத் தனியே தயாரித்து, பிளாஸ்டிக் தட்டில் உள்ள சின்னக் குழியின் அடியில் ஒட்டியிருப்பார்கள். நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தத்தில் தெளிந்து நிற்கிற நீரை ஊற்றினால், அதில் ஆன்டிபாடி இருந்தால் போய் ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தைக் கழுவிவிட்டு, ஒட்டினதைக் காட்டிக்கொடுக்கிற மருந்தைச் சேர்ப்போம். நிறமோ வெளிச்சமோ வரும். மெஷின் அதை எண்ணாக்கும்.

என் மேஜை டிராயரில் ஒரு பழைய ஸ்ட்ரிப் கிடந்தது. எப்போதோ ஒரு கம்பெனி ரெப் டெமோ காட்டிவிட்டுப் போனது. அதில் ஒவ்வொரு புரதத்தையும் தனித்தனிக் கோடாகப் போட்டிருப்பார்கள். கோர், என்எஸ் த்ரீ, என்எஸ் ஃபோர், என்எஸ் ஃபைவ் என்று வரிசை. எந்தப் புரதத்துக்கு ஆன்டிபாடி இருக்கிறதோ அந்தக் கோடு மட்டும் கறுக்கும். நிஜமாகவே வைரஸைப் பார்த்த உடம்பென்றால் பெரும்பாலும் பல கோடுகள் வரும். ஒரே ஒரு கோடு மங்கலாக வந்தால் சந்தேகக் கேஸ். எனக்கு அந்த ஸ்ட்ரிப் மேல் ஒரு பிரியம். உடம்பு தான் சந்தித்த ஆளை அங்கம் அங்கமாக ஞாபகம் வைத்திருப்பதை அதில் கண்ணால் பார்க்கலாம்.

கலியபெருமாள் அண்ணனுக்கு அதைக் காட்டித்தான் வகுப்பெடுத்தேன். இதோ பாருங்கள், உங்கள் உடம்பு அந்த வைரஸை அடையாளம் கண்டுகொள்கிறது, அதனால்தான் ரியாக்டிவ் வருகிறது, எத்தனை தடவை போட்டாலும் இப்படித்தான் வரும் என்றேன். மனிதர் ஸ்ட்ரிப்பைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது வைரஸ் இல்ல. வைரஸ் வந்ததுக்கு அடையாளம். அப்படித்தானே?”

“ஆமாண்ணே.”

“அறுத்த வயல்ல தாள் நிக்குதுல்ல. தாளைப் பாத்துட்டு நெல்லு இருக்குன்னு எழுதுவீங்களா?”

அறுவடை மெஷின் ஓட்டிய மனிதர். எத்தனை வயலின் தாளை மேலிருந்து பார்த்திருப்பார். இருபது வருஷத்துக்கு மேல் நான் எழுதிக்கொண்டிருந்தது அதுதானே? ரிப்போர்ட்டில் நான் போடும் வார்த்தை ‘ஹெச்சிவி: பாசிட்டிவ்’. ஹெச்சிவி என்றால் இந்த சி வைரஸ். ஆன்டிபாடி என்கிற சொல்கூட இருக்காது. டைப் அடிக்கச் சோம்பல், இடம் பற்றாது, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று ஆரம்பித்து, பழகிப்போன பழக்கம்.

அவர் விடவில்லை. அடுத்ததைக் கேட்டார். இந்த ஆன்டிபாடி இருப்பதால் அந்த வைரஸ் தனக்குத் திரும்ப வராதா? அம்மை ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்கிறார்களே, அந்த மாதிரி?

வரும் என்றேன். இந்த வைரஸ் அம்மை மாதிரி இல்லை. நம் டெஸ்டில் தெரிகிற ஆன்டிபாடிகள் பெரும்பாலும் அதன் உள்ளே இருக்கிற புரதங்களைப் பிடிக்கிறவை. வைரஸ் வந்து போனதைச் சொல்லும், வருவதைத் தடுக்காது. தடுக்க வேண்டுமென்றால் வெளி உறையில் உள்ள புரதத்தைப் பிடிக்க வேண்டும். அங்கேதான் அது கில்லாடி. உறையின் ஒரு பகுதியை மாற்றிக்கொண்டே இருக்கும். நேற்றைய உறைக்குப் பொருந்தும் ஆன்டிபாடி தயாராகி வருவதற்குள் வேறு சட்டை போட்டிருக்கும். ஈரல் செல்லைப் பற்றிக்கொள்கிற ஓர் இடத்தை மட்டும் அதனால் லேசில் மாற்ற முடியாது. அந்த இடத்தைச் சரியாகப் பிடிக்கிற ஆன்டிபாடிகள் சிலர் உடம்பில் உண்டாகின்றன. அதை வைத்துத் தடுப்பூசி செய்ய முடியுமா என்று பார்க்கிறார்கள். இன்னும் வரவில்லை. இதையெல்லாம் நான் மூச்சு விடாமல் சொன்னேன். எனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்வதில் அவ்வளவு குஷி.

அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

“அப்ப வைரஸ் இருக்கறவங்க ரூம்ல, இல்லாத என்னை உக்கார வச்சா?”

எனக்குத் தெரியாத எதையும் அவர் சொல்லிவிடவில்லை. ஆன்டிபாடி குணமான பிறகும் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். அது பாதுகாக்காது என்பதும் தெரியும். சி ரூமில் ரத்தம் சிந்துகிற வேலை நடக்கிறது, எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஒரு கையுறை மாற்ற மறந்தால் போதும் என்பதும் தெரியும். மூன்றையும் சேர்த்து யோசித்ததில்லை, அவ்வளவுதான். வெட்கமாக இருந்தது.

4. ஐஸ் பெட்டி

மாடிக்கு ஓடி டாக்டரிடம் சொன்னேன். கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த ஒரு லேபில் சின்ன கார்ட்ரிட்ஜ் மெஷின் இருக்கிறது. காசநோய்க்கு வாங்கினது, ஹெச்சிவி கார்ட்ரிட்ஜைப் போட்டால் ஆர்என்ஏவும் பார்த்துவிடும். ரெண்டு மணி நேரத்தில் ரிசல்ட். நானே கொண்டு போகிறேன். அதுவரை அவரைத் தாங்கவைக்க முடியுமா?

டாக்டர் அவருக்கு ஈசிஜி எடுத்துப் பார்த்தார். பொட்டாசியத்தை இறக்க மருந்து கொடுத்து, மானிட்டரில் போட்டார். சாயங்காலம் நாலு மணி வரைக்கும்தான் என்றார். அதற்குள் மூச்சு வாங்கினாலோ ஈசிஜி மாறினாலோ, சி ரூமோ எந்த ரூமோ உடனே மெஷினில் ஏற்றிவிடுவேன், உயிர்தான் முதலில் என்றார். அது சரியான பேச்சு. கலியபெருமாள் அண்ணனும் தலையை ஆட்டினார்.

பிளாஸ்மாவைப் பிரித்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரி வண்டி எங்கேயோ போயிருந்தது. சொல்லிவைத்த மாதிரி அன்றைக்குத்தான் குத்தாலம் தாண்டி ரோட்டில் பாதியை அடைத்து நெல் காய்ந்துகொண்டிருந்தது. மிச்சப் பாதியில் முன்னால் ஓர் அறுவடை மெஷின், கல்யாணப் பெண் மாதிரி நடந்தது. நம் ஊரில் நெல்லின் மேல் ஹாரன் அடிக்கக்கூட டிரைவருக்கு மனசு வராது. நான்தான் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்துக் கடிகாரத்தையே தேய்த்துவிட்டேன்.

பக்கத்து ஸீட் அம்மா என் மடியில் இருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் கேட்டுவிட்டார், நாகப்பட்டினத்து மீனா என்று. ரத்தம் என்றேன். ஆடுதுறையில் இடம் காலியானதும் வேறு ஸீட்டுக்குப் போய்விட்டார்.

கும்பகோணத்தில் கார்ட்ரிட்ஜைப் போட்டுவிட்டு மெஷின் முன்னாலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வைரஸ் திரும்ப வந்திருந்தால் என்ன செய்வது? அவர் தப்பு, நான் சரி என்றாகும். அப்படி ஜெயிக்க எனக்குத் துளிக்கூட ஆசை இல்லை. ஸ்டெல்லா சிஸ்டர் ரெண்டு தடவை போன் செய்தார். மனிதர் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார், லேசாக மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கிறது, டாக்டர் பக்கத்திலேயே நிற்கிறார் என்றார்.

மூன்றரை மணிக்கு ஸ்கிரீனில் வந்தது: வைரஸ் கண்டறியப்படவில்லை. போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, அந்த லேபில் இருந்தவர்கள் முன்னால் கூச்சமே இல்லாமல் அழுதேன். நான் திரும்பி வந்தபோது அவர் ஹாலில், ஜன்னலோர மெஷினில் இருந்தார். நெல் காயுதா ரோட்டில் என்று கேட்டார். காயுது, அதனால்தான் உங்க உயிர் இழுத்துக்கிட்டு கிடந்துச்சு என்றேன். சிரித்தார்.

5. பழைய ரெஜிஸ்டர்

இதோடு முடிந்திருந்தால் நான் கெட்டிக்காரி என்கிற கதையாகப் போயிருக்கும்.

மறுநாள் காலை ரெஜிஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டேன். என் கையெழுத்தில் சி ரூமுக்குப் போனவர்கள் எத்தனை பேருக்கு ஆர்என்ஏ பார்த்திருக்கிறோம் என்று தேடினேன். அப்போது அந்த ரூமில் வந்துகொண்டிருந்தவர்கள் மூன்று பேர். ரெண்டு பேருக்குப் பார்த்திருந்தது. மூன்றாவது தையல்நாயகி அம்மா. நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். எட்டு மாசமாக வாரம் ரெண்டு தடவை கண்ணாடிக் கதவுக்குள் போய் வந்தார். அவருக்கு ஆன்டிபாடி மட்டும் பார்த்திருந்தோம். ஒரே டெஸ்ட், ஒரே வார்த்தை, கீழே என் கையெழுத்து.

அன்றைக்கே ஆர்என்ஏவுக்கு அனுப்பினோம். வைரஸ் இருந்தது.

அவர் வரும்போதே இருந்ததா, இல்லை, தானாகவே குணமாகி வெறும் தாளோடு வந்தவருக்கு எங்கள் ரூமில் தொற்றியதா? இந்த வைரஸ் சிலருக்கு மருந்தில்லாமலே போய்விடுவது உண்டு. முதல் நாள் எடுத்த ரத்தம் கையில் இல்லை. இனிமேல் யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பெரும்பாலும் முன்னாலேயே இருந்திருக்கும், மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்றார். பெரும்பாலும் என்பது எனக்குப் போதவில்லை.

தையல்நாயகி அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். டாக்டரும் கூட வந்தார். முதல் நாளே இன்னொரு டெஸ்ட் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை, அதில் என் பிசகும் உண்டு என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் மெஷினில் இருந்தார். ஊசி குத்தின கையை அசைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம், தனக்குப் படிக்கத் தெரியாது, அந்த முதல் நாள் காகிதத்தைப் படித்துக் காட்டு என்றார்.

ஃபைலிலிருந்து எடுத்துப் படித்தேன். பெயர். வயது. ஹெச்சிவி: பாசிட்டிவ்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதாம்மா.”

“இதுக்கா என்னைக் கதவுக்கு அந்தாண்ட வச்சீங்க?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம், எனக்குத் தாங்கியிருக்கும். அடுத்து, மாத்திரை எப்ப குடுப்பீங்க என்று கேட்டார். மூன்று மாசம் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டார். முடித்து மூன்று மாசம் ஆனதும் நானே மறுபடி ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறினேன். வைரஸ் இல்லை. ஹாலில் கலியபெருமாள் அண்ணனுக்கு அடுத்த மெஷின் அவருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்தால் யார் வயலில் விளைச்சல் மேனி என்ன கண்டது என்று ஹாலே அதிரப் பேசுவார்கள். என்னிடம் தையல்நாயகி அம்மா முன்போல் பேசுவார், ஆனால் ரத்தம் எடுக்கப் போகும்போதெல்லாம் இப்ப என்ன எழுதப்போறே என்று கேட்காமல் கையை நீட்டமாட்டார். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன்.

அந்த வருஷத்திலிருந்து எங்கள் ரிப்போர்ட் மாறியது. ஹெச்சிவி ஆன்டிபாடி: ரியாக்டிவ். வைரஸ் இப்போது இருக்கிறதா என்பது இந்த டெஸ்டில் தெரியாது. ஆர்என்ஏ பார்க்க வேண்டும். மூன்று வரி. ஆர்என்ஏ வராமல் யாருக்கும் கண்ணாடிக் கதவு திறக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிப் போட்டார். எனக்கு அப்புறம் வந்த பிள்ளைகள், எதற்கு மேடம் இவ்வளவு நீளமாக, பாசிட்டிவ் என்று போட்டால் பளிச்சென்று இருக்காதா என்று முணுமுணுப்பார்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தக் காகிதத்தை வாய்விட்டு ஒரு தடவை படியுங்கள் என்பேன். படிக்கத் தெரியாத ஒருத்தர் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்ததும் அவர் இவ்வளவுதானா என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்க வேண்டும். அன்றைக்கு என்னிடம் இல்லை.